சக்கைக் கழற்றுவதற்கு முன்னால் அது எங்கே உட்காரும் என்று பாருங்கள்

கேள்வி: கோவை கணபதி பக்கம் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் டர்னராக இருக்கிறேன். ஐடிஐ முடித்து இரண்டு வருடம் ஆகிறது. எங்களிடம் இருப்பது பழைய ஆறடி பெல்ட் லேத், மரை போட்ட ஸ்பிண்டில் (சக்கைத் தாங்கிச் சுற்றும் தண்டு). 8 இஞ்ச் மூணு ஜா சக் (ஜாபைக் கவ்விப் பிடிக்கும் தலை, ஜா என்பது அதன் தாடை), 12 இஞ்ச் நாலு ஜா சக் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கிறது. சக் இறுகிவிட்டால் பெட் (லேத்தின் அடித்தளத் தண்டவாளம்) மேல் மரக்கட்டை வைத்து ரிவர்ஸில் ஒரு தட்டு தட்டிக் கழற்றுவதுதான் இங்கே வழக்கம். போன வாரம் அப்படிக் கழற்றும்போது நாலு ஜா சக் சட்டென்று விழுந்து என் நடுவிரல் பெட்டில் மாட்டிக்கொண்டது. நகம் கறுத்துவிட்டது, விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை. மோட்டாருக்கு டிரைவ் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) போட்டதிலிருந்து ஸ்டாப் அழுத்தினால் சில சமயம் சக் லூஸாகிற மாதிரியும் தெரிகிறது. பெரும்பாலும் நான் தனியாகத்தான் வேலை செய்கிறேன். சரியான முறை எது? அடுத்த மாதம் கேம்லாக் (மரை இல்லாமல், திருகினால் பின்னைப் பிடிக்கும் கேம்களால் சக்கைப் பூட்டும் ஏற்பாடு) வைத்த ஒரு செகண்ட் ஹேண்ட் லேத் வருகிறது, அதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, முதலில் விரல். ஒரு வாரம் ஆகியும் முழுசாக மடங்கவில்லை என்றால் அது நகம் கறுத்ததோடு நிற்கிற அடி இல்லை. நாளைக்கே ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். விரல் நுனி எலும்பில் விரிசல் இருந்தால் வெளியே பார்த்துத் தெரியாது, அப்படியே விட்டுவிட்டால் பிற்பாடு மைக்ரோமீட்டர் பிடிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

சரி, சக்குக்கு வருவோம். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: சக் கழன்று வரும் அந்த நொடியில் அதைத் தாங்குவது உங்கள் கையாக இருக்கக் கூடாது. 8 இஞ்ச் சக் பேக் பிளேட்டோடு (சக்கை ஸ்பிண்டிலில் மாட்டும் பின் தகடு) சேர்த்து 15 முதல் 20 கிலோ இருக்கும், 12 இஞ்ச் நாலு ஜா 40 கிலோவைத் தாண்டும். அதைக் குனிந்து, கேரேஜுக்கு (டூலைத் தாங்கி நகரும் பகுதி) மேலே கையை நீட்டி, எண்ணெய் படிந்த வழுக்கலான விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மரையின் கடைசிச் சுற்று விட்டதும் முழு எடையும் ஒரே சமயத்தில் கைக்கு வருகிறது, விரல் சக்குக்கு அடியில், அதற்கும் கீழே பெட்டின் வி முனை. உங்களுக்கு நடந்தது இதுதான். நல்ல பலசாலிக்கும் இது நடக்கும், ஏனென்றால் எடை எப்போது கைக்கு வரும் என்பது அவருக்கும் தெரியாது.

அதனால் சக் கழற்றுகிற வேலை ஒரு மரத்தொட்டிலில் இருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு சக்குக்கும் தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள், அரை நாள் வேலைதான். பெட்டின் மேல்பரப்பிலிருந்து ஸ்பிண்டில் சென்டர் வரை எவ்வளவு உயரம் என்று அளந்து, அதிலிருந்து சக்கின் ஆரத்தைக் கழியுங்கள். உதாரணமாக சென்டர் உயரம் 215 மி.மீ. என்று வையுங்கள், 12 இஞ்ச் சக்கின் ஆரம் சுமார் 152, ஆக சக்குக்கும் பெட்டுக்கும் நடுவில் 63 மி.மீ. இருக்கிறது. 8 இஞ்ச் சக்குக்கு அதே லேத்தில் 113 மி.மீ. வரும். தொட்டிலின் நடுப்பள்ளம் பெட்டிலிருந்து இந்த உயரத்தைவிட ஒரு மில்லி குறைவாக இருக்கட்டும். வேப்ப மரமோ தேக்கோ, இல்லை 18 மி.மீ. பிளைவுட்டை அடுக்கி ஒட்டினாலும் போதும். மேலே சக்கின் வளைவுக்கு அரைவட்டமாக வெட்டி, அடிப்பக்கம் பெட்டின் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இறங்குகிற மாதிரி ஒரு கட்டையை அடித்துவிடுங்கள். அந்த அடிக்கட்டை முக்கியம், அது இல்லாவிட்டால் சக் உட்கார்ந்ததும் தொட்டில் பக்கவாட்டில் நழுவும். உங்கள் லேத் கேப் பெட் (சக்குக்கு அடியில் பெட்டில் பள்ளம் விட்ட வகை) என்றால் அந்தப் பள்ளத்தை மூடும் கேப் பாலம் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தொட்டிலை வையுங்கள்.

ஒரு மில்லி இடைவெளி எதற்கு என்றால், மரையிலிருந்து கழற்றும்போது சக் சுற்ற வேண்டும், தொட்டில் அதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. கடைசி மரை விட்டதும் சக் அந்த ஒரு மில்லி இறங்கி உட்காரும், அவ்வளவுதான். திரும்ப மாட்டும்போது அந்த ஒரு மில்லிக்கு மெல்லிய தகட்டை அடியில் வைத்தால் மரை நேராகச் சந்திக்கும். இப்படி இருந்தால் 40 கிலோ சக்கையும் பெட் மேல் தொட்டிலோடு தள்ளிக்கொண்டு போகலாம், தூக்க வேண்டிய அவசியம் ஒரே ஒரு இடத்தில்தான் வரும்.

தொட்டிலை வைக்கும் முன்னால் மின்சாரம். லீவரை நியூட்ரலில் போட்டால் போதாது, மோட்டார் ஸ்டாப் பட்டனும் போதாது. சுவரில் இருக்கிற மெயின் ஐசோலேட்டரை (மின்சாரத்தை முழுசாகத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிவிட்டு, பூட்ட முடிந்தால் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சக்கோடு மல்லுக்கட்டும்போது இடுப்போ முழங்காலோ லீவரில் படுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும். கேம்லாக் லேத் வந்த பிறகு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் கிளட்ச் வைத்த பெரிய லேத்களில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்பிண்டில் மட்டும் நின்றிருக்கும், பார்த்தால் மெஷின் நின்ற மாதிரிதான் தெரியும். கேரேஜை டெயில்ஸ்டாக் (லேத்தின் வலது முனைத் தாங்கி) பக்கம் தள்ளுங்கள், டூல்போஸ்டில் இருக்கிற டூலையும் கழற்றுங்கள். முழங்கையில் கார்பைடு டிப் கிழித்த தழும்பு இல்லாத டர்னரைப் பார்ப்பது அபூர்வம்.

இப்போது ரிவர்ஸ் தட்டுகிற வழக்கம். இதை நிறுத்துங்கள். இந்தப் பழக்கம் நம் ஊரில் எவ்வளவு பரவலோ அவ்வளவு மோசமானது. மோட்டார் ரிவர்ஸில் உதைக்கிறது, சக்கின் ஜா கட்டையில் மோதி நிற்கிறது, ஸ்பிண்டில் மட்டும் சுற்றுகிறது. கட்டை பிளந்தால் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. கட்டை தாங்கினாலும் மரை விட்ட பிறகு மோட்டார் நிற்காது, நீங்கள் சுவிட்சை விடுவதற்குள் இன்னும் சில சுற்று போய்விடும், சக் முழுசாகக் கழன்று விழும். அப்புறம் அந்த உதை முழுதும் ஹெட்ஸ்டாக்குக்குள் (ஸ்பிண்டில் இருக்கும் இடதுபக்கப் பெட்டி) இருக்கிற கியர் பல்லில் இறங்குகிறது. இப்படியே பல வருடம் கழற்றிய ஒரு லேத்தின் ஹெட்ஸ்டாக் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறேன். பேக் கியரில் (வேகத்தைக் குறைக்கும் கியர்) அடுத்தடுத்து இரண்டு பல் அடியோடு இல்லை, மீதிப் பற்களின் வேரில் மயிரிழை விரிசல், அடியில் எண்ணெயில் வார்ப்பிரும்புத் துணுக்கு. பேக் கியரையும் டைரக்ட் பின்னையும் (புல்லியை ஸ்பிண்டிலோடு நேராக இணைக்கும் பின்) ஒன்றாகப் போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டிவிட்டு, சக் கீயைச் செருகிச் சுத்தியால் அடிக்கிறார்களே, அதுவும் இதே கதைதான், கூடவே சக் கீயின் சதுரமும் அது உட்காரும் பினியனும் கெட்டுப்போகும்.

சரியான வழி என்ன என்றால், ஸ்பிண்டிலையே பிடிக்க வேண்டும், கியரைப் பிடிக்கக் கூடாது. ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம் ஸ்பிண்டில் துளை வெளியே தெரியும் இல்லையா, அதற்குள் நுழைகிற அளவில் ஒரு எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) புஷ் கடைந்து, நீளவாக்கில் நாலு வெட்டு போட்டு, உள்ளே ஒரு டேப்பர் நட்டை போல்டால் இழுத்து விரிகிற மாதிரி செய்துகொள்ளுங்கள். சைக்கிள் ஹேண்டில்பார் ஃபோர்க்குக்குள் எப்படி இறுகுகிறதோ அதே ஏற்பாடு. அதன் வெளித் தலையில் ஒரு கம்பியைக் குறுக்காகப் போட்டு, கம்பி தரையிலோ ஒரு மரத்தூணிலோ ஊன்றி நிற்கட்டும். ஸ்பிண்டில் அசையாது, கியர்களுக்குச் சுமை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: இது உள்ளே இருக்கும்போது யாரும் மெஷினைப் போட்டுவிட்டால் அந்தக் கம்பி ஆளைக் கொல்லும். அதனால் ஐசோலேட்டர் சாவியையும் இந்தப் புஷ்ஷையும் ஒரே சங்கிலியில் கோத்துவிடுங்கள், புஷ் வெளியே வராமல் சாவி பூட்டுக்குப் போக முடியாதபடி.

முன்பக்கம், மூணு ஜா சக்கில் ஒன்றேகால் இஞ்ச் ஹெக்ஸ் கம்பியைக் கடித்து, அதில் பெரிய ரிங் ஸ்பேனரைப் போட்டு, ஸ்பேனர் முனையில் கொட்டாப்புளியால் ஒரே ஒரு சுருக்கென்ற அடி. அமுக்கி அமுக்கி இழுப்பதைவிட அந்த ஒரு அதிர்வுக்குத்தான் மரை விடும். திசையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், சக்கின் மேல்பக்கம் உங்களை நோக்கி வர வேண்டும், அதாவது ஜாப் வழக்கமாக ஓடுகிற அதே திசை. நாலு ஜா சக்கில் ஜாக்களுக்கு நடுவே இரண்டடி நீளக் கெட்டி மரச்சட்டத்தை இறுக்கிக் கடித்து அதன் முனையில் அடிக்கலாம். ஜாவின் மேலேயே நேராக அடிக்காதீர்கள். இதற்கும் அசையவில்லை என்றால் பேக் பிளேட்டும் ஸ்பிண்டில் தோளும் சந்திக்கிற இடத்தில் துருவை இளக்குகிற எண்ணெயை விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் ஹாட் ஏர் கன்னால் பேக் பிளேட்டை மட்டும் இளஞ்சூடாக்கலாம். கேஸ் டார்ச் வேண்டாம், பக்கத்திலேயே பேரிங் இருக்கிறது, பேக் பிளேட் வார்ப்பிரும்பாக இருந்தால் வெடிக்கவும் கூடும்.

மரை இளகியதும் அடிப்பதை நிறுத்திவிட்டுத் தொட்டிலைச் சக்குக்கு அடியில் தள்ளுங்கள். இறுக்கமாகச் சிக்கிக்கொண்டிருக்கும்போதே வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஜாக்களைக் கொஞ்சம் மூடிவிடுங்கள், ரொம்பத் திறந்திருந்தால் அடியில் இருக்கிற ஜா ஸ்க்ரோலை (ஜாக்களை நகர்த்தும் சுருள் மரை) விட்டு விழும். பிறகு சக்கைக் கையால் சுற்றுங்கள், கை எப்போதும் மேல் பாதியில் இருக்கட்டும், அடியில் போகவே கூடாது. 12 இஞ்ச் சக்குக்கு டெயில்ஸ்டாக்கையும் துணைக்கு அழைக்கலாம்: மோர்ஸ் டேப்பர் ஷேங்க் வைத்த ஒரு கம்பியை டெயில்ஸ்டாக்கில் போட்டு, சக்கின் நடுத்துளைக்குள் ஒரு கை நீளம் நுழைத்து வைத்தால், எங்காவது தவறினாலும் சக் அந்தக் கம்பியில்தான் தொங்கும்.

சக்கைப் பெட்டிலிருந்து எடுக்கிற இடம்தான் தூக்க வேண்டிய இடம் என்று சொன்னேன். 8 இஞ்ச் வரை ஒருவர் தூக்கலாம், அதுவும் இடுப்பு உயரத்தில் இருக்கிற மேசைக்கு. சக்கைத் தரையில் வைக்கிற பழக்கம்தான் பாதி முதுகுவலிக்குக் காரணம், பெட் உயரத்துக்கு ஒரு சக்கர மேசை இருந்தால் பலகையைப் போட்டு அப்படியே நகர்த்திவிடலாம். 12 இஞ்சைத் தனியாகத் தூக்காதீர்கள். இன்னொருவர் வருகிறவரை காத்திருங்கள், அல்லது கூரையில் நல்ல உத்திரம் இருந்தால் அரை டன் செயின் பிளாக்கும் ஒரு துணி பெல்ட்டும் போதும். சில சக்கில் ஐ போல்ட் போட மரைத்துளை இருக்கும், அதைப் பயன்படுத்தினால் மெஷினைப் போடுவதற்கு முன் ஐ போல்ட்டைக் கழற்றிவிட்டீர்களா என்று தொட்டுப் பாருங்கள். கையுறை பற்றி ஒரு வார்த்தை: மின்சாரம் பூட்டியிருக்கும்போது சக்கைத் தூக்கக் கையுறை போடலாம், ஐசோலேட்டரை ஏற்றும் முன் கழற்றிவிட வேண்டும். மோதிரம், மணிக்கட்டுக் கயிறு, கழுத்தில் துண்டு இவை எப்போதும் வேண்டாம்.

மாட்டும்போது செய்கிற பெரிய தப்பு, சக்கைக் கையால் பிடித்துக்கொண்டு மோட்டாரைத் தட்டி மரையை ஏற்றுவது. இதைச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும், மணிக்கட்டு போய்விடுகிற வேலை அது. சக் தொட்டிலில் அசையாமல் இருக்கட்டும், நீங்கள் பெல்ட் புல்லியைக் கையால் வழக்கமான ஓட்டத் திசையில் சுற்றினால் ஸ்பிண்டில் தானாக மரைக்குள் ஏறும், சக் தொட்டிலோடு ஹெட்ஸ்டாக்கை நோக்கி நகர்ந்து வரும். அதற்கு முன் மரை இரண்டையும் பழைய டூத்பிரஷ்ஷால் துலக்கி, நம் பட்டறையில் கிடைக்கிற பனியன் வேஸ்ட்டால் துடைத்து, கடைசியாக வெறும் விரலால் தோளையும் பேக் பிளேட் முகத்தையும் ஒரு முறை தடவுங்கள். வேஸ்ட்டின் நூலும் ஒரு மயிர் அளவு சிப்பும் கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. 100 மி.மீ. அகல முகத்தின் ஓரத்தில் 0.05 மி.மீ. சிப் ஒன்று மாட்டினால், சக்கிலிருந்து 200 மி.மீ. தள்ளி ஆட்டம் அளக்கும் டயல் வைக்கும்போது 0.2 மி.மீ. வரை ஆட்டம் காட்டும், நீங்கள் சக் தேய்ந்துவிட்டது என்று நினைப்பீர்கள். மரைக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும். கடைசியில் தோள் தொட்டதும் கையால் இறுக்கினால் போதும், டமார் என்று மோதவிட்டால் அடுத்த முறை கழற்ற மறுபடி இதே போராட்டம்தான்.

டிரைவ் விஷயத்தை நீங்கள் கவனித்தது ரொம்ப நல்லது, இது உண்மையிலேயே ஆபத்து. மரை போட்ட சக் ஓடும் திசையில் தானாக இறுகும், ஆனால் ஸ்பிண்டிலைத் திடீரென்று நிறுத்தினால் சக்கின் எடை முன்னால் ஓடப் பார்க்கும், அது கழற்றுகிற திசை. பழைய மோட்டார் தானாக ஓடி நின்றது, இப்போது டிரைவ் ஒன்றிரண்டு வினாடியில் இழுத்து நிறுத்துகிறது. டிரைவில் நிறுத்தும் நேரத்தை 10 வினாடிக்குக் குறையாமல் வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தானாக ஓடி நிற்கிற முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். டி.சி. பிரேக் வசதி ஆன் ஆகியிருந்தால் அணைக்க வேண்டும். எமர்ஜென்சி பட்டன் மின்சாரத்தைத் துண்டிக்கட்டும், பிரேக் போட வேண்டாம். ரிவர்ஸையும் பூட்டிவிடலாம், சீக்கிரம் நிறுத்த ரிவர்ஸ் போடுகிற கை சும்மா இருக்காது. இதை எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார். அதுவரை 12 இஞ்ச் சக்கைப் போட்டு ஓட்டாதீர்கள்.

கேம்லாக்கில் மரைத் தொல்லை கிடையாது, இரண்டு திசையிலும் தைரியமாக ஓட்டலாம், ஆனால் அதற்கு அதன் ஒழுங்கு உண்டு. டி1-3, டி1-4 (கேம்லாக் அளவுகள்) மூக்கில் மூன்று பின், டி1-5, டி1-6-இல் ஆறு. ஒவ்வொரு கேமிலும் ஒரு கோடு இருக்கும், ஸ்பிண்டிலில் இருக்கிற குறியோடு அந்தக் கோடு சேர்ந்தால் கேம் திறந்திருக்கிறது என்று அர்த்தம். சக்கைத் தள்ளி உட்காரவைத்து வலப்பக்கம் திருகி இறுக்கியதும் அந்தக் கோடு கடிகாரத்தின் 3 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில், இரண்டு வி குறிகளுக்குள் நிற்க வேண்டும். 3-க்கு முன்னால் நின்றாலும் 6-ஐத் தாண்டினாலும் அந்தக் கேம் சரியாகப் பிடிக்கவில்லை, கீ எவ்வளவு இறுக்கமாகத் தெரிந்தாலும் சரி. அப்போது சக்கை இறக்கி, அந்தப் பின்னின் பூட்டுத் திருகைக் கழற்றி, பின்னை ஒரு முழுச் சுற்று உள்ளேயோ வெளியேயோ விட்டு மறுபடி பூட்டிப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் லேத்தோடு வருகிற சக் வேறு மெஷினில் ஓடியதாக இருக்கலாம், அதனால் முதல் நாளே எல்லாக் கேமையும் பார்த்துவிடுங்கள். எதிரெதிராக இறுக்கி, ஒரு சுற்று வந்த பிறகு மறுபடி ஒரு முறை எல்லாவற்றையும் இறுக்குங்கள்.

கழற்றும்போது எல்லாக் கேமையும் வரிசையாகத் திறந்துவிடாதீர்கள். தொட்டில் அடியில் இருக்க, மேலே இருக்கிற ஒன்றை மட்டும் கொஞ்சம் பிடிப்பில் வைத்து, மற்றதைத் திறந்து, பேக் பிளேட்டின் பின் விளிம்பில் செம்பு சுத்தியால் சுற்றிலும் தட்டுங்கள். டேப்பர் பொத்தென்று விடும், அந்தக் கடைசிக் கேம் சக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும், அப்புறம் அதைத் திறந்து தொட்டிலில் வாங்குங்கள். இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் டேப்பரில் பிசிர் எழும், அதன் பிறகு எந்தச் சக்கும் நேராக உட்காராது.

எந்த லேத் ஆனாலும் சக் மாற்றிய பிறகு முதல் ஓட்டம் ஒரே மாதிரிதான். சக் கீயை விட்டுக் கை எடுக்கும்போது கீயும் கையோடு வெளியே வர வேண்டும், முடிந்தால் ஸ்பிரிங் வைத்த கீயாக மாற்றிக்கொள்ளுங்கள், அது விட்டால் தானாக வெளியே தள்ளிவிடும். சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி ஜா எதிலும் படவில்லை என்று பாருங்கள், நாலு ஜாவில் ஜா வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இது கட்டாயம். மிகக் குறைந்த வேகத்தில் போட்டு, சக்குக்கு நேராக நிற்காமல் டெயில்ஸ்டாக் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். சக்கில் அச்சடித்திருக்கிற அதிகபட்ச வேகத்தை, டிரைவ் தருகிறதே என்று, ஒருபோதும் தாண்டாதீர்கள். வார்ப்பிரும்பு உடல் சக்குக்கு அந்த எண் ரொம்பக் குறைவாகவே இருக்கும்.

கடைசியாக, புது லேத் வருவதற்குள் ஒரு வேலை. உங்கள் 12 இஞ்ச் நாலு ஜா சக்கின் பேக் பிளேட் மரை போட்டது, அது கேம்லாக்கில் ஏறாது. வரப்போகிற லேத்தின் மூக்கு எந்த அளவு, டி1-4-ஆ டி1-6-ஆ என்று ஹெட்ஸ்டாக்கில் பார்த்துக் கேட்டுவிட்டு, அந்த அளவுக்குப் புது பேக் பிளேட் வாங்கச் சொல்லுங்கள் உங்கள் ஓனரிடம். அதன் முகத்தையும் சக் உட்காரும் படியையும் அதே லேத்தின் ஸ்பிண்டிலில் மாட்டியே கடைந்துகொள்ளுங்கள், வெளியே கடைந்து வாங்கினால் ஆட்டம் நிச்சயம். தொட்டிலையும் அன்றைக்கே புது சென்டர் உயரத்துக்கு ஒன்று வெட்டிவிடுங்கள்.